வீட்டு மருந்துப் பெட்டி: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் நாமே எடுத்துக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றியவை. மருத்துவரிடம் போவதற்கு முன்பும், போய்வந்த பின்பும் மருந்தை அளந்து கொடுப்பவர் வீட்டிலுள்ள ஒருவர்தான். பல வீடுகளில் அவர் தாயாகவோ பாட்டியாகவோ இருக்கிறார். நல்ல மருந்து பலனில்லாமல் போவதும், சில நேரங்களில் தீங்காகவே முடிவதும் பெரும்பாலும் அந்த இடத்தில் நடப்பதால், இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் ஒன்றரை வயது மகனுக்கு இரண்டு நாட்களாக வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அவ்வப்போது ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்கிக் கொடுக்கிறேன். பலன் தெரியவில்லை. பாலும் சோறும் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று மாமியார் சொல்கிறார். கடையில் அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். எதைச் செய்வது?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த மருந்து சரியானது; கலக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். பெரிய பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பொட்டலங்களும் கடைகளில் கிடைக்கின்றன என்பதால், பொட்டலத்தின் பின்புறத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்த பிறகே பிரியுங்கள். அளவுக்குத் தனிப் பாத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாகக் கழுவிய 1 லிட்டர் குடிநீர் பாட்டிலில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, அதைச் சுத்தமான ஒரு பாத்திரத்தில் ஊற்றி, தூள் முழுவதையும் கொட்டிக் கலக்கினால் போதும். பிறகு அதில் சர்க்கரையோ பாலோ பழச்சாறோ சேர்க்கக் கூடாது. மறுபடி சூடாக்கவும் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதமிருந்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குடலின் உட்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே நுழையும் பாதை ஒன்று இருக்கிறது. கடுமையான பேதியிலும் அந்தப் பாதை பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். அவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் அவற்றைத் தொடர்ந்து உடலுக்குள் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஏற்றுக்கொண்ட இன்றைய கலவையில் 1 லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்கின்றன. தண்ணீர் குறைந்து கரைசல் கெட்டியாகிவிட்டால், அது உடலில் இருக்கும் நீரையே குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். ரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். தூள் குறைந்து நீர்த்துப் போனால், இழந்த உப்பு திரும்பி வராது.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையோரம் உள்ள போங்கான் என்ற ஊரில் குவிந்த அகதிகளிடையே காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் திரவம் கையிருப்பில் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களே குடிக்கக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த அந்த முகாமில் அந்த எண்ணிக்கை 4-க்கும் கீழே இறங்கியது. அங்கே உயிர் காத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவப் படிப்பே இல்லாத தாய்மாரும் சகோதரர்களும்தான் என்பதை நான் தாய்மாரிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

கொடுக்கும் விதமும் முக்கியம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதி ஆன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 மில்லி என்பது கணக்கு. அதை ஒரே மூச்சில் புகட்டாமல், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். இதோடு துத்தநாக மருந்தும் 14 நாட்கள் கொடுக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். பேதி நின்றுவிட்டதே என்று அதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மாமியாரின் கவலை அன்பிலிருந்து வருவது என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை ஏற்க வேண்டாம். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, தயிர், வாழைப்பழம் எல்லாமே கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் தேறுவதற்குத்தான் தாமதமாகும். அட்டைப் பெட்டிப் பானங்களில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குழந்தை துவண்டு கிடந்தால், கண்கள் குழிந்து போனால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பேதியைச் சட்டென்று நிறுத்துவதற்காகப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது குடலின் அசைவையே முடக்கிவிடக் கூடியது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதிலும் ஏழு வயதிலும் எனக்குப் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் இருவருக்கும் ஒரே பாராசிட்டமால் சிரப்பை ஆளுக்கொரு ஸ்பூன் கொடுப்பேன். மகன் ஊரிலிருந்து வாங்கி வந்த பாட்டிலில் 250 என்றும், வீட்டில் இருப்பதில் 125 என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு பாட்டி, நாகர்கோவில்

பதில்: அம்மா, நீங்கள் அந்த எண்ணைக் கவனித்ததே பெரிய விஷயம். இரண்டும் ஒன்றல்ல. 125 என்பது 5 மில்லி சிரப்பில் 125 மில்லிகிராம் மருந்து இருப்பதைக் குறிக்கிறது. 250 என்ற பாட்டிலில் அதே 5 மில்லியில் இரு மடங்கு மருந்து இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இதைவிடவும் கெட்டியானது. பலவற்றில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும்.

பாராசிட்டமாலின் அளவை முடிவு செய்வது வயதைவிடக் குழந்தையின் எடைதான். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மூன்று வயதுப் பேரக்குழந்தை 12 கிலோ இருந்தால் ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் ஆகிறது. அதாவது 125 பாட்டிலில் ஏறத்தாழ 5 முதல் 7 மில்லி, 250 பாட்டிலில் 2.5 முதல் 3.5 மில்லி. ஏழு வயதுக் குழந்தை 20 கிலோ இருந்தால் 200 முதல் 300 மில்லிகிராம். ஆகவே ஆளுக்கொரு ஸ்பூன் என்ற கணக்கில் 125 பாட்டிலைக் கொடுத்தால் மூத்த குழந்தைக்குப் போதாது. 250 பாட்டிலைக் கொடுத்தால் சின்னக் குழந்தைக்கு அதிகம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இருக்கட்டும். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அளவு மீறித் தொடர்ந்து கொடுத்தால் இந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கும். சமையலறை ஸ்பூன்கள் வீட்டுக்கு வீடு அளவில் மாறுபடும். பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியிலோ, ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். மருந்து கொடுத்த நேரத்தை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்து வைத்தால், பாட்டி கொடுத்தது தெரியாமல் அம்மாவும் கொடுப்பது நடக்காது.

காய்ச்சல் உடனே இறங்கவில்லை என்று இதோடு ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. நம் ஊரில் மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கக் கூடும். அப்போது இந்த மருந்துகள் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம். டெங்குவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடே நிம்மதி அடையும் நாள்தான் பல குழந்தைகளுக்கு ஆபத்து தொடங்கும் நாள். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடல் குளிர்ந்த பிறகு கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போங்கள். நிலவேம்புக் குடிநீரையோ பப்பாளி இலைச் சாற்றையோ நம்பி அந்த மணி நேரங்களைக் கடத்திவிடக் கூடாது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூனோ துணியோ வைக்கக் கூடாது; கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். அதற்குள் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே கிடையாது, நேராக மருத்துவமனைதான்.

கேள்வி: இரண்டு வயது மகளுக்கு ஒரு வாரமாகச் சளியும் இருமலும். சென்ற முறை மருத்துவர் கொடுத்த இருமல் மருந்து பாதி இருக்கிறது. அதையே கொடுக்கலாமா? நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பது நல்லதா?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: கொடுக்க வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் சிரப்பில் கலந்திருந்த டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சால் சிறுநீரகம் செயலிழந்து பல குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப் நம் மாநிலத்தில் தயாரானது என்பது நமக்குக் கூடுதல் வேதனை. அதையடுத்து, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் நினைவூட்டியது. நச்சே கலக்காத நல்ல சிரப்பாக இருந்தாலும், சாதாரணச் சளியின் காலத்தை அது குறைப்பதில்லை. சளியால் வரும் இருமல் இரண்டு மூன்று வாரம்வரை நீடித்துத் தானாக அடங்குவது இயல்புதான்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். இருமலுக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேனைத் தடவவே கூடாது, அதில் இருக்கக் கூடிய ஒரு கிருமியின் நச்சு பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கற்பூரத் தைலத்தையும் ஒதுக்கி வையுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே போகும். குழந்தை கையில் பட்டதை வாயில் வைத்தால் சிறிதளவே வலிப்பை வரவழைத்துவிடும்.

இருமலின் சத்தத்தைவிட மூச்சைக் கவனியுங்கள். மகள் தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்துக்குக் கீழ் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே சதை உள்வாங்கினால் சற்றும் தாமதிக்காதீர்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் நிமோனியாவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொரு பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. ஐந்து ஆண்டுகளாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்தார். சென்ற மாதம் பார்த்தபோது 120/80 இருந்ததால், குணமாகிவிட்டது என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டார். தலைசுற்றல், தலைவலி எதுவும் இல்லை. ஏன் வீணாக மாத்திரை என்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?
– ஒரு மகன், தஞ்சாவூர்

பதில்: அந்த 120/80 மாத்திரை கொடுத்த அளவு என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். குடைக்குள் நனையாமல் நிற்பவர் மழை விட்டுவிட்டது என்று குடையை மடக்குவது போன்றது இது. பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் குணமாகிவிடும் நோயாக இருப்பதில்லை. கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய நிலையாகவே தொடர்கிறது. எடை குறைந்து, உப்பு குறைந்து, நடைப்பயிற்சி கூடிய சிலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிகிறது. ஆனால் அதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட வேகமாக ஏறி நெஞ்சுவலி வரையில் கொண்டுபோய்விடும். எனவே அவர் எந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார் என்று பார்த்து, இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தலைவலி இல்லை என்பதை அவர் சான்றாகக் காட்டுகிறார். நூற்றுக்கணக்கான பெரியவர்கள் இதே வார்த்தைகளை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உயர்ந்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் தருவதில்லை. மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் ரத்தக்குழாய்களை ஆண்டுக்கணக்கில் சத்தமின்றிக் கெடுத்து, ஒரு நாள் பக்கவாதமாக வெளிப்படும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தொய்ந்து விழுதல், பேச்சு குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் முதல் அடையாளங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், சற்றுப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

வீட்டில் கருவி வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், முறையாகப் பார்த்தால். காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை, நெஞ்சின் மட்டத்தில் மேசைமீது இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

உப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழம்பில் போடுவதைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றை வைத்துக்கொண்டால் கணக்கு நேராகாது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மாத்திரையின் செலவும் அலைச்சலும் அப்பாவின் மனத்தில் இருந்தால், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் மூட்டு வலியும் இருக்கின்றன. வலி வந்தால் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். உடனே வலி போய்விடுகிறது. தொடரலாமா?
– ஒரு மகள், சேலம்

பதில்: கைவிட்டாக வேண்டிய பழக்கம் இது என்று வருத்தத்தோடு சொல்கிறேன். அந்தக் காகிதப் பொட்டலத்தில் வெட்டிப்போட்ட மூன்று நான்கு மாத்திரைகள் இருக்கும். பெயரோ காலாவதித் தேதியோ இருக்காது. அவற்றில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி ஒன்று இருப்பது வழக்கம். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகம் ஏற்கெனவே சுமையில் இருக்கும்போது, வலிநிவாரணி அதை மேலும் நலிவடையச் செய்கிறது, ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது, இரைப்பையில் புண் உண்டாக்குகிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டு வந்திருந்தால், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம் என்பதால், திடீரென நிறுத்துவதற்கு முன் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். மூட்டு வலிக்குப் பாராசிட்டமாலும், மேலே தடவும் மருந்தும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் பாதுகாப்பானவை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவதை ஒரு வேளைக்குப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். சில வாரங்களில் படியேறும்போது வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை தருகிறார்கள். வாந்தி வருகிறது என்று தூக்கி எறிந்துவிடுகிறாள். அதற்குப் பதிலாக மாதுளையும் பீட்ரூட்டும் கொடுக்கிறேன். போதுமா?
– ஒரு தாய், தேனி

பதில்: போதாது. அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுகள்தான். ஆனால் அவற்றின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புச் சத்துக்கும் தொடர்பில்லை, அவற்றில் இருக்கும் இரும்பு மிகக் குறைவு. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயது முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பூப்பெய்திய பிறகு மாதந்தோறும் இரும்பை இழக்கும் பெண்பிள்ளைக்கு இந்த மாத்திரை அவசியம்.

வெறும் வயிற்றில் போட்டால்தான் பெரும்பாலும் குமட்டும். மதிய உணவுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். அதன் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம். அவை இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போவது மருந்தின் இயல்பு என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். பல பெண்பிள்ளைகள் அதைக் கண்டு பயந்தே நிறுத்திவிடுகிறார்கள். உணவில் ஈரல், சுவரொட்டி, மீன், முருங்கைக்கீரை, கம்பு ஆகியவற்றைச் சேருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது, மருத்துவர் தினசரி மாத்திரை தருவார். குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். மாதவிலக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அதற்கும் சிகிச்சை வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவால்தான் முடியும்.

கேள்வி: எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பெரியப்பாவின் இன்சுலினை எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பியை வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம்வரை வெளியே வைத்திருக்கலாம். நம் கோடையின் வெப்பத்துக்கு மண்பானை முறை நன்றாகவே உதவும்: ஒரு மண்பானையில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, சிறிய கலயத்தில் இன்சுலின் குப்பியை நெகிழிப் பையில் சுற்றி வைத்து, தண்ணீர் உள்ளே புகாதபடி அந்தக் கலயத்தைப் பானைக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தெளிவான வகை இன்சுலின் கலங்கினாலோ, வெண்மையான வகை குலுக்கிய பிறகும் கட்டி கட்டியாக நின்றாலோ பயன்படுத்தக் கூடாது. பிரிக்காத குப்பிகளை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். அவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். குப்பியில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சும், 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடியுள்ள 100 யூனிட் சிரிஞ்சும்தான் பயன்படுத்த வேண்டும். 100 வகை மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை சட்டென்று இறங்கி நினைவு தவறிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தெரிந்தால் அவர் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மீதமாகும் மாத்திரைகளையும் சிரப்புகளையும் சமையலறை அலமாரியில் சேர்த்து வைக்கிறோம். எவ்வளவு நாள் வைக்கலாம்?
– ஒரு குடும்பத் தலைவி, ஈரோடு

பதில்: அடுப்புச் சூடும் ஆவியும் மருந்தைக் கெடுக்கும், வேறு இடம் பாருங்கள். தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்புகள் பலவும் ஏழு நாட்களுக்கு மேல் தாங்காது. கண் சொட்டு மருந்தைத் திறந்து ஒரு மாதம் ஆனால் எறிந்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரை மீதமாகிறது என்றால் மருத்துவர் சொன்ன நாட்கள் முழுவதும் சாப்பிடவில்லை என்றுதான் பொருள். மீந்ததை அடுத்த சளிக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம், சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு அது வேலை செய்யாது. மாத்திரைகளை அட்டையோடு, பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி வெட்டுங்கள். பெட்டி குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டியபடி இருக்கட்டும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். அப்படி விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.